நுகத்தின் நடுவாணி: ‘நடுவர்’ என்ற சொல்லும் அதன் உறவுக்காரர்களும்

வாசகர் கேள்வி – பதில்

தீர்ப்புச் சொல்பவர்களைக் குறிக்கும் சொற்கள் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஓர் ஊரின் பெயரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கோர்ட்டில் இருப்பவர் நீதிபதி. பட்டிமன்றத்தில் இருப்பவர் நடுவர். காவிரிக்கு அமைத்ததும் நடுவர் மன்றம். ‘நடுவர்’ என்பது பழைய சொல்லா, மேடைக்காரர்கள் உண்டாக்கியதா? – வாசகர், மன்னார்குடி

வேர் மிகப் பழையது. அதன் மிக நல்ல விளக்கம் உங்கள் காவிரிக் கரையிலேயே கிடைக்கிறது.

முதலில் இலக்கணம். நடு என்பதோடு அர் விகுதி சேர்ந்தால் நடுவர். ‘நடு’ இரண்டு குற்றெழுத்தால் ஆன சொல் என்பதால் அதன் உகரம் முற்றியலுகரம். அது கெடாமல் நிற்க, இடையில் வகரம் உடம்படுமெய்யாக வருகிறது. ‘நடுவு’ என்பதிலிருந்து வந்தது என்று பிரித்தாலும் பொருள் மாறாது. கன்னடத்திலும் மலையாளத்திலும் நடு உண்டு. தெலுங்கில் நடுமு என்றால் இடுப்பு, அதாவது உடம்பின் மத்தி. நாற்று நடுகிற ‘நடு’வும் இதுவும் ஒன்றா என்று டெல்டாக்காரர்களுக்குச் சந்தேகம் வரும். திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது. ஓசை ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம்.

இனி பொருள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை இப்படிச் சொல்கிறது: ‘நெடுநுகத்துப் பகல் போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்.’ இங்கே பகல் என்றால் வெயில் நேரம் இல்லை. பகு, அதாவது பிரி என்ற வேரில் பிறந்த பகல், நுகத்தடியை இரு பாதியாகப் பிரிக்கும் இடத்தில் அடித்த ஆணி. உரைகாரர்கள் பகலாணி என்பார்கள். ஏர் பூட்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: ஏர்க்காலை நுகத்தோடு பிணைக்கும் கயிறு நழுவாமல் பிடித்துக்கொள்வது அந்த ஆணிதான். இரண்டு மாடும் எந்தப் பக்கம் இழுத்தாலும் அது இடம் மாறாது.

அடுத்த வரிகளும் நம் கேள்விக்கு உரியவையே. அந்த வணிகர்கள் பழிக்கு அஞ்சி உண்மை பேசுவார்கள். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்பப் பார்ப்பார்கள். கொள்வதை மிகையாகக் கொள்ள மாட்டார்கள், கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்க மாட்டார்கள். கவனியுங்கள், இவர்கள் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. வியாபாரம் செய்கிறார்கள், தாமே ஒரு கட்சி. அப்படி இருந்தும் ‘நடுவு நின்ற’ என்கிறார் புலவர். ஆக நடுவு நிலை என்பது பதவிக்கு முன்னால் மனத்தின் நிலையாக இருந்திருக்கிறது. வள்ளுவரும் அதிகாரத்துக்கு ‘நடுவு நிலைமை’ என்று பெயர் வைத்து அதை இல்லறத்துக்குள்ளேதான் வைத்தார், அரசியலுக்குள் இல்லை.

பட்டிமன்றம் பற்றியும் ஒரு வார்த்தை. மணிமேகலையில் இந்திர விழாவுக்குப் புகார் நகரில் முரசறைகிறவன், சமய வாதிகளைப் ‘பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்’ என்று அழைக்கிறான். வாதம் செய்ய மேடை ஏறும் பழக்கம் சன் டி.வி.க்கு முந்தியது!

நடு என்றால் பாதிப் பாதி என்றுதானே அர்த்தம்? எங்கள் பக்கம் பஞ்சாயத்து என்று போனால் ‘ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுங்கள்’ என்றுதான் முடிகிறது. – வாசகர், குத்தாலம்

அது சமரசம். நடுவு அல்ல. இரண்டையும் குழப்புவதால்தான் பொய்க் கணக்கோடு வருகிறவன் எப்போதும் லாபத்தோடு திரும்புகிறான். 10 குழி நிலத்துக்கு உரிமை இல்லாதவன் 20 குழி கேட்டு வந்தால், ‘பாதிப் பாதி’ என்ற தீர்ப்பு அவனுக்குப் 10 குழியைச் சும்மா கொடுத்துவிடுகிறது.

நுகத்தையே கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாட்டின் கழுத்துக்கும் இடையே 48 அங்குலம், ஆணி சரியாக 24-இல். இரண்டும் சமமாகச் சுமக்கும். ஆணி 3 அங்குலம் இடப்பக்கம் நகர்ந்தால் இடது கை 21, வலது கை 27. சுமை நீளத்துக்கு எதிர்விகிதத்தில் பிரியும்: இடத்து மாட்டுக்கு நூற்றுக்கு 56 பங்கு, வலத்து மாட்டுக்கு 44. கண்ணுக்குத் தெரியாத 3 அங்குலம், நாள் முழுக்க உழும்போது ஒரு மாட்டை முறித்துவிடும். இதையே தெரிந்து செய்யவும் முடியும். ஒரு மாடு இளைத்திருந்தால் அதற்கு நீளக் கையைக் கொடுத்துச் சுமையைக் குறைக்கலாம். அப்போது ஆணி மத்தியில் இல்லை, ஆனாலும் நியாயம் இருக்கிறது. வேண்டுமென்றே, எல்லோருக்கும் தெரியும்படி நகர்த்துவது வேறு. தானாக நழுவுவது வேறு.

வள்ளுவர் நுகத்தை விட்டுத் தராசைப் பிடித்தார்: ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க்கு அணி’ (118). முதலில் தான் சமனாக நின்று, பிறகு தன்மேல் வைத்த பாரத்தை அளக்கும் துலாக்கோல் என்று பரிமேலழகர் பொருள் விரிக்கிறார். ஆனால் வெறுந்தட்டில் சமனாக நிற்பது மட்டும் போதாது என்பதைச் சந்தையில் நிறுத்து வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோலின் ஒரு கை 20 செ.மீ., மறு கை 19.6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தட்டின் எடையைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் வெறுந்தட்டில் முள் நடுவில் நிற்கும். ஆனால் சரக்கை நீளக் கையில் வைத்தால் 1 கிலோ கல்லுக்கு 980 கிராம்தான் வரும்.

கண்டுபிடிக்க எளிய வழி, கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வைப்பது. முள் நகர்ந்தால் கோல் கோணல். தட்டு மாற்றிய பிறகு அந்தச் சரக்கைச் சமன் செய்ய 960 கிராம் கல்லே போதும் என்றால், 1000-ஐயும் 960-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: உண்மை எடை 980-க்கு ஒரு மயிரிழை குறைவாக வரும். ஊர்ப் பெரியவர் ஒருவரின் தீர்ப்பைச் சோதிக்கவும் இதே வழிதான். வாதியை பிரதிவாதியாக்கி, பிரதிவாதியை வாதியாக்கி, அதே சாட்சியத்தை வைத்தால் அதே தீர்ப்பு வருமா என்று கேளுங்கள்.

நடுவன் என்று எமனுக்குப் பெயர் உண்டு என்கிறார்களே, உண்மையா? – வாசகர், நன்னிலம்

உண்மை. நிகண்டுகளில் உண்டு. பணக்காரன், ஏழை என்று பார்க்காமல் எல்லோரிடமும் வருகிறவன் என்பதால் வந்த பெயர். தருமன் என்பதும் அப்படித்தான். ஞமன் என்ற இன்னொரு பெயரும் அவனுக்கு உண்டு. மதுரைக்காஞ்சி நீதி அவையத்தை ‘ஞெமன்கோல் அன்ன செம்மைத்து’ என்கிறது. அங்கே ஞெமன்கோல் என்றால் துலாக்கோல். கூற்றம், கூற்றுவன் என்பவையோ கூறு என்பதிலிருந்து வந்தவை. உடலையும் உயிரையும் கூறு போடுகிறவன். சோழர் காலத்தில் நாட்டைக் கூறு போட்ட பிரிவுக்கும் கூற்றம் என்றே பெயர்: ஆவூர்க் கூற்றம், நாகப்பட்டினம் இருந்த பட்டினக் கூற்றம். பயப்பட வேண்டாம், அது வெறும் நிர்வாகப் பிரிவு.

உங்கள் ஊர்ப்பக்கத்து ஸ்ரீவாஞ்சியத்தில் எமனுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது, அங்கே முதல் வழிபாடும் அவனுக்கே. அதே எமன் காலால் உதை வாங்கிய தலமும் நம் பக்கம்தான், திருக்கடையூர். நடுவனுக்கே மேல்முறையீடு உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீதிபதி, முன்சீப், மாஜிஸ்திரேட். இவற்றில் எது தமிழ்? கிராம முன்சீப் என்று இருந்தவர் உண்மையில் நீதிபதியா? – வாசகர், திருத்துறைப்பூண்டி

மூன்றும் வந்த சொற்கள். நீதிபதி சமஸ்கிருதம்: நீதி, பதி. நீதி என்பது ‘வழிநடத்து’ என்ற பொருளுள்ள வேரில் பிறந்தது. மாஜிஸ்திரேட், லத்தீனில் ‘மேலானவர்’ என்ற பொருளுள்ள ‘மாஜிஸ்தர்’ என்பதிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்து மாஸ்டரும் அதே வேரில் வந்தவர்தான். பிரம்பு மட்டும் வேறு. ஆங்கில ‘ஜட்ஜ்’ என்பதன் லத்தீன் மூலத்தைப் பிரித்தால் ‘சட்டம்’, ‘சொல்’ என்று இரண்டு துண்டு கிடைக்கும். சட்டத்தைச் சொல்பவர். இதற்கு நேரான தமிழ் நம்மிடம் எப்போதோ இருந்தது: அறங்கூறு அவையம். ‘மறங்கெழு சோழர் உறந்தை அவையத்து அறம் நின்று நிலையிற்று’ என்று புறநானூறு புகழ்கிற உறந்தை இன்றைய உறையூர்.

மூன்றில் சுவையானது முன்சீப். அரபியில் ‘நிஸ்ஃப்’ என்றால் பாதி. அந்த வேரிலிருந்தே நியாயத்துக்கு ‘இன்ஸாஃப்’ என்றும், நியாயம் செய்பவருக்கு ‘முன்ஸிஃப்’ என்றும் சொற்கள் பிறந்தன. தமிழன் நடுவைப் பிடித்தான், அரபி பாதியைப் பிடித்தான். இரண்டும் போய் நின்ற இடம் ஒன்று. பாரசீகம் ஆட்சி மொழியாக இருந்த காலத்தின் வழியாக இந்தச் சொல் கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) சட்டத்துக்குள் வந்தது. வக்கீல், அமீனா, ஜப்தி, வாய்தா என்று கோர்ட்டு வாசலில் இன்றும் பேச்சு பாதி அந்த வழியில் வந்ததுதான்.

கிராம முன்சீப் பற்றிக் கேட்டீர்கள். ஆம், சிறிய அளவில் நீதிபதிதான். 1816-இல் சென்னை மாகாணத்தில் வந்த ஒழுங்குவிதி, ஊர்த் தலைவரையே முன்சீப்பாக்கி 10 ரூபாய் வரையிலான பண வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அன்றைய 10 ரூபாய் சிறிய தொகை இல்லை. நாளடைவில் வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு என்று வேலை பெருகி, தீர்ப்புச் சொல்லும் வேலை ஓரம் போய், பெயர் மட்டும் நின்றது. 1980-இல் கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை அரசு ஒழித்தது. அந்த இடத்தில் வந்தவர் கிராம நிர்வாக அலுவலர். அவருக்கு வழக்கைத் தீர்க்கும் அதிகாரம் கிடையாது. ‘வி.ஏ.ஓ. தீர்ப்புச் சொல்லிவிட்டார்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர் அறிக்கை தருவார், அவ்வளவே.

நாட்டாமை என்ற சொல்? – வாசகர், பாபநாசம்

நாடு + ஆண்மை = நாட்டாண்மை, பேச்சில் நாட்டாமை. இங்கே ஆண்மை என்றால் ஆளும் தன்மை. மீசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பதவியின் பெயரே ஆளுக்கு ஆகிவந்தது. பெரியதனம் என்பதும் அதே மாதிரி. ‘நாடு’ என்பதும் இன்றைய தேசம் இல்லை. சோழர் காலத்தில் வளநாட்டுக்குள் அடங்கிய, பல ஊர்கள் சேர்ந்த பிரிவு அது; அதன் அவையினர் நாட்டார். நடு, நாடு இரண்டும் ஒலியில் நெருங்கினாலும் புணர்ச்சியில் பிரிந்துவிடுகின்றன: ‘நாடு’ குற்றியலுகரம் என்பதால் டகரம் இரட்டித்து நாட்டார், ‘நடு’ முற்றியலுகரம் என்பதால் நடுவர்.

மத்தியஸ்தர் என்பதும் நடுவரும் ஒன்றுதானே? கல்வெட்டில் மத்தியஸ்தன் வருகிறானே, அவன் யார்? – வாசகர், கும்பகோணம்

சொல்லாக ஒன்றுதான். மத்தியில் நிற்பவர். ஆனால் சோழர் கல்வெட்டில் வருகிற மத்தியஸ்தன் வழக்குத் தீர்க்கிறவன் இல்லை. ஊர்ச் சபையின் பணியாளன். சபைக்கூட்டத்தில் இருப்பான், விவாதத்தில் சேரமாட்டான், முடிவை எழுதுவான். எந்தக் கட்சியிலும் சேராமல் எழுதுகிறவன் என்பதால் அந்தப் பெயர் பொருந்தியது.

அவன் வேலை எப்படி இருந்தது என்பதை முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு விவரமாகச் சொல்கிறது (அது காஞ்சிபுரம் பக்கம், நம் டெல்டா இல்லை). குடவோலைத் தேர்தல். வயதில் மூத்த நம்பி (கோயில் பூசகர்) ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். அவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு வாசிக்க வேண்டும். அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். விரலை மடக்கினால் ஓலை மாறிவிடும் என்ற அச்சம். நடுவில் நிற்பவன்மேல் நம்பிக்கை வைத்தார்கள், ஆனால் கையை விரிக்கச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்கள்.

நடுவர் தவறினால் என்ன என்று பூம்புகாரைப் பற்றி ஏதோ கதை உண்டாமே? – வாசகர், சீர்காழி

சிலப்பதிகாரம் புகாரில் ஐந்து மன்றங்களைச் சொல்கிறது. நீங்கள் கேட்பது பாவை மன்றம். அரசன் கோல் கோணினாலும், அறங்கூறு அவையத்தில் நூல் முறை கோணி ஒரு பக்கம் சாய்ந்தாலும், அங்கே நிற்கும் பாவை வாய் திறந்து பேசாது, கண்ணீர் விடும். ‘நாவொடு நவிலாது நவைநீர் உகுத்துப் பாவை நின்று அழூஉம்’ என்பது வரி. நீதி தவறியதை அறிவிக்கும் வேலையை மனிதர் யாரிடமும் கொடுக்காமல் கல்லிடம் கொடுத்தது இளங்கோவின் சாமர்த்தியம். பூத சதுக்கத்துப் பூதம் பொய்ச்சாட்சி சொல்பவர்களைப் பிடித்துத் தின்னும். இதே காவியத்தில் பாவை இல்லாத மதுரையில் கண்ணகியே போய்க் கேட்க வேண்டியிருந்தது.

காவிரி நடுவர் மன்றத்தில் இருந்தவர்களும் நீதிபதிகள்தானே? பிறகு ஏன் நடுவர்? – வாசகர், ஒரத்தநாடு

ஆட்கள் நீதிபதிகள், அமைப்பு நீதிமன்றம் இல்லை. 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களிடை நதிநீர்த் தகராறுச் சட்டப்படி, ஒரு குறிப்பிட்ட தகராறுக்காக மட்டும் மத்திய அரசு அமைப்பது அது. மூன்று உறுப்பினர்கள், உச்ச நீதிமன்ற அல்லது உயர் நீதிமன்ற நீதிபதிகளிலிருந்து தலைமை நீதிபதி பெயர் சொல்வார். ஆங்கிலத்தில் அதே ‘டிரிபியூனல்’ என்ற பெயருள்ள தேசியப் பசுமை அமைப்பைத் தமிழில் தீர்ப்பாயம் என்கிறோம். நிரந்தரமாக இயங்குவதற்குத் தீர்ப்பாயம், ஒரு வழக்குக்காகக் கட்சிகளுக்கு இடையில் உட்காருவதற்கு நடுவர் மன்றம் என்று பிரித்துக்கொண்டால் எழுதுவதில் குழப்பம் வராது என்பது எங்கள் கருத்து.

தேதிகளைத் தப்பும் தவறுமாகப் பலர் எழுதுவதால் இங்கே சரியாகத் தருகிறோம். மன்றம் அமைந்தது 2-6-1990. இடைக்காலத் தீர்ப்பு 25-6-1991, தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விட வேண்டும் என்று. இறுதித் தீர்ப்பு 5-2-2007. மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10, கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவது 4. அரசிதழில் வந்தது 2013 பிப்ரவரியில். உச்ச நீதிமன்றம் 16-2-2018 அன்று தமிழகத்தின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்து 404.25 ஆக்கியது, கர்நாடகத்துக்கு 284.75.

இங்கே ஒரு பிழை அடிக்கடி வருகிறது. 404.25 என்பது கர்நாடகம் விடும் தண்ணீர் இல்லை. அதில் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளந்து வர வேண்டியது 177.25 (முன்பு 192). மீதி நம் எல்லைக்குள்ளேயே கிடைக்கும் நீர். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.

‘தீர்’ என்ற வேருக்கு முடிவுக்கு வருதல் என்று பொருள். 1990-இல் அமைந்த மன்றத்தின் தீர்ப்பு 2018 வரை தீரவில்லை என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர் யாரும் விளக்க முடியாது.

‘இன்றைக்கு எங்கள் முறை’ என்று தண்ணீருக்குச் சொல்கிறோம். முறையீடு, மேல்முறையீடு என்பதிலும் முறை இருக்கிறது. ஒரே சொல்லா? – வாசகர், நீடாமங்கலம்

ஒரே சொல். முறை என்றால் வரிசை, ஒழுங்கு, உறவு, நீதி எல்லாம். ‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை’ (541) என்ற குறளில் அது நேராகவே நீதி. உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிப்பவருக்குத் தமிழக அரசு வைத்த பெயர் முறைமன்ற நடுவர். இரண்டு பழைய சொல்லும் ஒரே பலகையில்.

வாய்க்கால் முறையில் தகராறு எங்கே வருகிறது என்று பார்த்தால் இந்தச் சொல் தெளிவாகிவிடும். ஒரு கிளை வாய்க்காலில் 3 வேலி நிலம், அதாவது 60 மா. ஒரு நாள் தண்ணீரைப் பரப்புக்குத் தக்கபடி பிரித்தால் மாவுக்கு 24 நிமிடம். அது சரியாக ஒரு நாழிகை. அழகான கணக்கு. ஆனால் கடிகாரத்தை எங்கே தொடங்குவது? தலைமடையில் பலகையைத் தூக்கிய நேரத்திலிருந்து எண்ணினால், கடைமடைக்காரனின் நேரத்தில் வாய்க்கால் நிரம்பவே அரைமணி போய்விடும். 5 மா உள்ளவனுக்கு 2 மணி நேரம் என்று பெயர், வயலில் பாய்ந்தது ஒன்றரை மணி. ஆகவே முதல் முறையில் தண்ணீர் அவனவன் மடையைத் தொட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும். தலைமடையை அடைத்த பிறகு வாய்க்காலில் நிற்கும் நீர் கடைசியாகப் பாய்ச்சுபவனுக்குப் போகும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்மடைக்காரன் முறையிடுவான். முறையை எழுதும்போது ‘எத்தனை மணி’ என்பதோடு ‘எங்கிருந்து எண்ணுவது’ என்பதையும் எழுதுங்கள்.

கிரிக்கெட் அம்பயரை நடுவர் என்று எழுதலாமா? – மாணவர், தஞ்சாவூர்

தாராளமாக. அம்பயர் என்ற சொல்லே பிரெஞ்சு வழியில் ‘ஜோடி இல்லாதவர்’ என்ற பொருளில் வந்தது. இரண்டு பேர் மோத, ஜோடி சேராத மூன்றாமவர். முதலில் அதற்கு முன்னால் ஒரு ‘ந’ ஒலி இருந்தது. முன்னே வரும் ‘எ’ என்ற சிறுசொல்லோடு அது ஒட்டிக்கொண்டு, ‘அன் அம்பயர்’ ஆகிவிட்டது. பஞ்சாயத்தில் ‘பஞ்ச’, அதாவது ஐந்து. அதுவும் ஒற்றைப்படை. 1996-ஆம் ஆண்டு இசைவுத் தீர்ப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவும் நடுவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக் கூடாது என்றே சொல்கிறது. இரண்டு பேரை வைத்தால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

வரப்புத் தகராறு. ஊரில் பேசி எழுதிக்கொண்டால் போதுமா, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா? மனுவில் யார் பெயரைப் போடுவது? – வாசகர், வேதாரண்யம்

இது சொல்லைத் தாண்டிய கேள்வி. ஆனால் தவறான அலுவலகத்துக்குப் போய் ஆண்டுகளை இழப்பவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறோம்.

தகராறு எல்லையிலா உரிமையிலா என்று முதலில் பிரியுங்கள். எல்லை என்றால் புல வரைபட நகலை எடுத்துக்கொண்டு, நில அளவர் வந்து அளந்து காட்டும்படி வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ இ-சேவை மையம் வழியாகவோ விண்ணப்பிக்க வேண்டும். அளக்கும்போது பக்கத்து நிலக்காரருக்கு அறிவிப்புப் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாமல் நட்ட கல் மறுநாள் காணாமல் போகும். பட்டாவில் பெயர் தவறு என்றால் வட்டாட்சியர் உத்தரவின்மேல் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. நிலம் யாருடையது என்பதே கேள்வி என்றால் இவர்கள் யாரும் தீர்க்க முடியாது. உரிமையியல் நீதிமன்றம் ஒன்றே வழி. முன்சீப் கோர்ட் என்று வழங்குவதன் இன்றைய பெயர் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம். சப் கோர்ட் என்பது சார்பு நீதிமன்றம். மாஜிஸ்திரேட் கோர்ட் என்பது குற்றவியல் நடுவர் நீதிமன்றம். சில தாலுகா ஊர்களில் முதலும் மூன்றாவதும் ஒரே கட்டடத்தில், ஒரே நீதிபதியின் கீழ் இருக்கும். உரிமை வழக்கை நடுவரிடமோ காவல் நிலையத்திலோ கொடுத்தால், அடிதடி நடந்ததா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

ஊரில் பேசி முடித்து இருவரும் மனமொத்து எழுதினால் அது ஓர் ஒப்பந்தம், மதிப்பு உண்டு. ஆனால் 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தில் உரிமை கைமாறுகிறது என்றால் பதிவு செய்யாத தாள் செல்லாது. அபராதம் போடுவது, ஊர்விலக்கு வைப்பது இவற்றுக்கு எந்த ஊர்க்கூட்டத்துக்கும் அதிகாரம் இல்லை; கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. செலவில்லாமல் பேசித் தீர்க்க விரும்பினால் வட்டச் சட்டப் பணிகள் குழு வழியாக மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே இருவரும் ஒப்பினால்தான் முடிவு. ஒப்பி முடித்த பிறகு மேல்முறையீடு கிடையாது. வழக்கு ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கட்டணமில்லா உதவித் தொலைபேசி 15100.

மனுவில் நீதிபதியின் சொந்தப் பெயரை எழுத வேண்டாம், அவர் மாறிப் போய்விடுவார். நீதிமன்றத்தின் பெயரை எழுதுங்கள். பழைய பத்திர நடையில் ‘கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்திற்கு’ என்று தொடங்குவார்கள்; இன்று ‘மாண்புமிகு மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் முன்பாக’ என்றாலே போதும்.

பெண்ணாக இருந்தால் ‘பெண் நீதிபதி’ என்று எழுத வேண்டுமா? நீதியரசர் யார்? – வாசகர், பேராவூரணி

வேண்டாம். நீதிபதி, நடுவர் இரண்டும் தமிழில் இருபாலுக்கும் பொது. ‘அர்’ விகுதி மரியாதையைத்தான் காட்டுகிறது. நீதியரசர் என்பதை உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். அந்த ‘வழக்கம்’ என்பதும் கோர்ட்டு ‘வழக்கு’ என்பதும் வழங்கு என்ற ஒரே வேரில் வந்தவை. அதை அடுத்த இதழில் பார்ப்போம்.